கையால் புத்தகம் கட்டிப் பழக எங்கே தொடங்குவது? (தாள், நூல், பசை எல்லாம் பேசலாம்)

வெள்ளாம்பல் | பாளையங்கோட்டை | சனி, காலை 9.40

வணக்கம். கையால் நோட்டும் சின்னப் புத்தகமும் கட்டிப் பழக வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. வீடியோக்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. எலும்பில் செய்த மடிப்புக் கருவி, மெழுகு பூசிய லினன் நூல், தனியாக ஒரு பசை, தைப்பதற்கு ஒரு மரச்சட்டம்... இத்தனையும் வாங்கினால்தான் தொடங்க முடியுமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் ஆச்சி வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். சிலவற்றைத் தாத்தா பைண்டு போட்டுவிட்டார். மிச்சம் மூன்று கட்டு வெறும் சணலில் கட்டிக் கிடக்கிறது. தாள் பழுப்பேறிப்போய், கையில் எடுத்தால் ஓரம் பொடிகிறது. அவற்றை என் கையாலேயே கட்ட வேண்டும். அதற்கு முன்னால் என்னென்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பைண்டர்வீட்டுப்பிள்ளை | மதுரை | சனி, காலை 11.05

வணக்கம் வெள்ளாம்பல். அப்பா பைண்டிங் பட்டறை வைத்திருந்தார். நான் வேறு வேலைக்குப் போய்விட்டாலும் வீட்டில் இன்றும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதலில் ஆச்சியின் கட்டுகளை ஒரு சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வைத்துவிடுங்கள். சணலை இறுக்கிக் கட்ட வேண்டாம், அது ஓரத்தை அறுக்கும். இப்போதைக்கு அவ்வளவுதான். கை பழகுவதற்கு வெற்றுத் தாள் போதும்.

சாமான் விஷயம்: வீட்டில் இருப்பதே முக்கால்வாசி. ஸ்டீல் ஸ்கேல், புது பிளேடு போட்ட கட்டர், துளை போட ஒரு குத்தூசி, நூல் நுழையும் அளவுக்குக் காது உள்ள ஊசி. மடிப்பை அழுத்தப் பழைய பிளாஸ்டிக் ஸ்கேலின் விளிம்பு போதும், ஸ்பூனின் முதுகும் நன்றாகவே அழுத்தும். மரச்சட்டமெல்லாம் தடிப் புத்தகம் நாடா வைத்துத் தைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சாமானை விடத் தெரிந்துகொள்ள வேண்டியது தாளைத்தான். மிஷினில் செய்த எந்தத் தாளுக்கும் ஓர் ஓட்டம் உண்டு. தாள் மிஷினில் ஓடும்போது அதிலுள்ள நார்கள் பெரும்பாலும் ஓடும் திசையிலேயே படுத்துக்கொள்ளும். பிரஸ்காரர்கள் இதை கிரெயின் என்பார்கள். அந்த ஓட்டத்தோடு மடித்தால் தாள் சுலபமாக, நேர்கோடாக மடியும். குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும், தடித்த தாளாக இருந்தால் மடிப்பில் வெடிக்கும். புத்தகத்தில் எல்லாத் தாளின் ஓட்டமும் அட்டையின் ஓட்டமும் முதுகுக்கு, அதாவது தைக்கும் பக்கத்துக்கு, இணையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கம் படுக்காது, மழைக்காலத்தில் முதுகுப் பக்கம் நெளியும், அட்டை வளையும்.

கண்டுபிடிப்பது எப்படி: தாளை மேஜையில் வைத்து, மடிக்காமல், ஒரு விளிம்பை எதிர் விளிம்புக்குக் கொண்டுவந்து வளைவின் மேல் உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். பிறகு தாளைத் திருப்பி மற்ற இரண்டு விளிம்புகளையும் அதேபோல் செய்யுங்கள். எந்தப் பக்கம் கை எளிதாக இறங்குகிறதோ, அந்த வளைவு செல்லும் வாக்கில்தான் ஓட்டம். அதிலும் சந்தேகம் வந்தால் ஓரத்தில் சிறிய சதுரத்தை வெட்டி, எந்தப் பக்கம் எது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு ஒரு முகத்தை மட்டும் நனையுங்கள். சட்டென்று குழல் மாதிரி சுருண்டுகொள்ளும். குழலின் நீளவாக்குதான் ஓட்டம்.

இந்தச் சோதனையை வீட்டில் இருக்கும் எல்லாத் தாளிலும் செய்து பாருங்கள். ஜெராக்ஸ் தாள், சார்ட், காலண்டர் அட்டை, காக்கித் தாள், எதையும் விடாதீர்கள். விரலுக்குப் பழகிவிட்டால் பிறகு யோசிக்கவே வேண்டாம்.

---

காகிதக்கொக்கு | கோவை | சனி, பகல் 1.20

அண்ணா சொன்னதை அப்படியே ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. நூலை மட்டும் காசு கொடுத்து நல்லதாக வாங்கிவிடுங்கள். தையல் மிஷின் நூல் மெல்லியது, இழுக்கும்போது துளையிலிருந்து மடிப்பு வழியாகத் தாளைக் கிழித்துக்கொண்டு போகும். நைலான் நூல் அதை விட மோசம், முடிச்சும் நிற்காது. பூக்கட்டும் நூல் வேண்டாம், இழுத்தால் அறுந்துவிடும். லினன் நூல் கிடைத்தால் சிறப்பு. இல்லையென்றால் குரோஷா பின்னும் பருத்தி நூல் வாங்கித் தேன்மெழுகில் ஓரிரு முறை இழுத்து எடுங்கள். மெழுகுவத்தியில் இழுத்தால் துகள் உதிரும், ஆனால் அவசரத்துக்கு ஆகும்.

அப்புறம், கோணி ஊசி வேண்டவே வேண்டாம். அது போடும் ஓட்டையில் நூல் ஆடும்.

---

வெள்ளாம்பல் | சனி, மாலை 6.15

நன்றி அண்ணா, நன்றி காகிதக்கொக்கு. சோதனையை இப்போதே செய்து பார்த்தேன். வீட்டில் இருக்கும் ஏ4 ஜெராக்ஸ் தாளில் ஓட்டம் நீளவாக்கில் இருக்கிறது, அதாவது 297 மில்லிமீட்டர் பக்கத்தோடு. அப்படியென்றால் எல்லோரும் செய்வதுபோல் ஏ4 தாளைப் பாதியாக மடித்து ஏ5 நோட்டு தைத்தால், மடிப்பு ஓட்டத்துக்குக் குறுக்கே அல்லவா விழும்?

---

பைண்டர்வீட்டுப்பிள்ளை | சனி, இரவு 8.30

ஆமாம், குறுக்கேதான் விழும். சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். கடையில் கிடைக்கும் ஏ4 பெரும்பாலும் நீளவாக்கு ஓட்டம்தான்.

இதற்கு இரண்டு வழி. ஏ3 தாள் வாங்கிச் சோதித்துப் பாருங்கள். அதிலும் ஓட்டம் நீளவாக்கில், 420 பக்கத்தோடு இருந்தால் பாதியாக வெட்டுங்கள். கிடைக்கும் ஏ4-இல் ஓட்டம் 210 பக்கத்தோடு போகும். அதை மடித்தால் ஏ5 நோட்டுக்கு மடிப்பும் ஓட்டமும் ஒன்றாகிவிடும்.

கையில் ஏ4 மட்டும்தான் இருக்கிறதா, இன்னும் நல்லது. முதல் புத்தகத்தை ஏ6 அளவில், சட்டைப்பை நோட்டாகச் செய்யுங்கள். ஏ4-ஐக் குறுக்கே வெட்டினால் இரண்டு ஏ5. அந்த ஏ5-இல் ஓட்டம் இப்போது 148 பக்கத்தோடு இருக்கும். அதை 105க்கு 148 ஆக மடித்தால் மடிப்பு ஓட்டத்தோடு சேர்ந்து விழும். நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் இதில்தான் தொடங்குவேன். ஒரு சாமானும் புதிதாக வாங்காமல், சரியாக மடிந்த தாள் எப்படி இருக்கும் என்பது கைக்குத் தெரிந்துவிடும்.

முறை: ஏ4 நான்கு தாள் எடுங்கள். வெட்டினால் எட்டு ஏ5. ஒவ்வொன்றாக மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் 32 பக்கம். இதைத்தான் பட்டறையில் பாரம் என்போம். மேலே 200 அல்லது 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளில் ஒரு மேலட்டை, அதுவும் ஓட்டம் பார்த்து. எல்லாவற்றையும் மேஜையில் தட்டி, தலைப்பக்கமும் மடிப்பும் சமமாக வரும்படி சேர்த்து, இரண்டு கிளிப் போடுங்கள்.

பாரத்தை விரித்து, பழைய டெலிபோன் டைரக்டரி மாதிரி ஒரு தடிப் புத்தகத்தின் நடுப்பக்கப் பள்ளத்தில் வைத்துக்கொண்டால் மடிப்பின் நடுவில் துளை போடுவது சுலபம். மூன்று துளை போதும். நடுவில் ஒன்று, மேலிருந்து இரண்டரை சென்டிமீட்டரில் ஒன்று, கீழிருந்து அதே அளவில் ஒன்று. குத்தூசியைச் சாய்க்காமல் உள்ளிருந்து மடிப்புக் கோட்டின் மேலேயே இறக்குங்கள். ஒரு நூல் அகலம் விலகினாலும் வெளியே மேலட்டையில் தெரியும்.

நூல், புத்தக உயரத்தைப் போல் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் கூட. உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே வாருங்கள், நூலின் வால் ஒரு விரல் நீளம் உள்ளே நிற்கட்டும். வெளியே மேல்துளைக்குப் போய் உள்ளே நுழையுங்கள். உள்ளே நடுத்துளையைத் தாண்டி நேராகக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே வாருங்கள். வெளியிலிருந்து நடுத்துளைக்கு ஏறி உள்ளே நுழைந்தால் வாலும் ஊசி நூலும் ஒரே இடத்தில் சந்திக்கும். உள்ளே நீளமாக ஓடும் நூலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று இருக்க வேண்டும். இரண்டையும் அந்த நீள நூலின் மேல் இரட்டை முடிச்சுப் போடுங்கள். இழுக்கும்போது நூலை மடிப்புக்கு இணையாக இழுங்கள். தாளுக்குச் செங்குத்தாக இழுத்தால் துளை கிழியும்.

தைத்து முடித்ததும் பார்த்தால் உள்தாள்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஒன்றுக்குள் ஒன்று செருகியதால் அப்படித்தான் வரும். ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்துக் கட்டரால் சீவுங்கள். ஒரே இழுப்பில் அறுக்கப் பார்க்காமல், லேசாகப் பல முறை இழுங்கள்.

---

நாலாம்வகுப்புடீச்சர் | ஈரோடு | ஞாயிறு, காலை 7.50

பள்ளியில் பிள்ளைகளோடு செய்வதைச் சொல்கிறேன், ஊசிக்கும் முந்தைய படி. ஒரே தாளில் எட்டுப் பக்கம். ஏ4-ஐ மூன்று முறை பாதி பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டம். அகலவாக்கில் பாதியாக மடித்து, மடிந்த பக்கத்திலிருந்து நடுவில் ஒரு கட்ட நீளம் மட்டும் வெட்ட வேண்டும். விரித்து நீளவாக்கில் மடித்து இரண்டு முனையையும் உள்ளே தள்ளினால் வெட்டு கூட்டல் குறியாக விரியும். அதைச் சுற்றி மடித்தால் புத்தகம். பசையும் வேண்டாம், நூலும் வேண்டாம். பிள்ளைகள் ஆளுக்கொரு கதையை எழுதி முடிக்கும்வரை வகுப்பில் சத்தமே இருக்காது.

அடுத்து ஓலைச்சுவடி. சார்ட் பேப்பரைக் கால் அடி நீளத்துக்கு இரண்டு விரல் அகலப் பட்டையாக வெட்டி, இரண்டு கண் போடுவோம். ஒரு கண்ணில் நூல், இன்னொன்றில் ஈர்க்குச்சி. பழைய சுவடிகளில் ஒரு கண்ணில் கயிறும் மறு கண்ணில் மூங்கில் குச்சியோ செப்புக் கம்பியோ இருந்தது. கயிற்றின் முனை உருவிக்கொண்டு வராமல் இருக்கக் கிளிமூக்கு மாதிரி நறுக்கிய ஓலைத் துண்டை முடிந்தார்கள், சிலர் செப்புக் காசை முடிந்தார்கள். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே செய்தால் பிள்ளைகள் கிளிமூக்கை விதவிதமாக வெட்டிக் கொண்டுவருவார்கள். மேலும் கீழும் ஐஸ்கிரீம் குச்சி ஒட்டினால் சட்டம் தயார்.

தாளைப் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தரங்கம்பாடி அச்சகத்துக்குத் தாள் கிடைப்பது கஷ்டமாக இருந்ததால் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1715இல் பக்கத்திலுள்ள பொறையாற்றில் காகிதப் பட்டறையே போட்டார். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்று பெயர் நின்றுவிட்டது.

---

வடலி | யாழ்ப்பாணம் | ஞாயிறு, பகல் 12.10

இந்த இழையை இப்பதான் கண்டேன், சந்தோசமாக இருக்கிறது. எங்கட பக்கம் வருச முடிவில் பழைய கொப்பிகளில் எழுதாமல் மிச்சம் இருக்கிற ஒற்றைகளைக் கழற்றி, ஒன்றாக அடுக்கித் தைத்து, அடுத்த வருசத்துக்கு ரஃப் கொப்பி ஆக்குவோம். அம்மா கோணி ஊசியால் ஓரத்தில் தைத்துத் தருவா. அது விரியாது, ஒரு கையால் அமத்திப் பிடித்துக்கொண்டுதான் எழுத வேணும். ஆனால் வருசம் முழுக்கக் கிழியாது.

எனக்கும் ஒரு கேள்வி. தடி அட்டை போட்டு, மேலே துணி ஒட்டி, ஐந்தாறு பாரம் தைத்து ஒரு கொப்பி கட்டினேன். உள்ளே நல்ல வடிவாக இருக்கிறது. ஆனால் அட்டை இரண்டும் வெளிப்பக்கமாக, துணி இருக்கிற பக்கம் வளைந்து நிற்கிறது. கனமான சாமான் வைத்து அமத்தினேன், எடுத்த பிறகு திரும்பவும் வளைகிறது. ஏன் அண்ணை?

---

பைண்டர்வீட்டுப்பிள்ளை | ஞாயிறு, பிற்பகல் 3.00

வடலி, துணி பசையில் நனைந்து விரிந்து, காயும்போது சுருங்கி அட்டையை இழுக்கிறது. உள்பக்கம் ஒட்டும் எண்ட் பேப்பர் அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் இழுத்தால்தான் அட்டை நேராக நிற்கும். மூன்றைப் பாருங்கள். ஒன்று, அட்டைக்கும் ஓட்டம் உண்டு. கிரே போர்டோ மில் போர்டோ, வெட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்து, முதுகுக்கு இணையாக வெட்ட வேண்டும். இரண்டு, எண்ட் பேப்பர் மெல்லிய ஜெராக்ஸ் தாளாக இருந்தால் அதற்கு இழுக்கும் வலு இல்லை. 100 ஜிஎஸ்எம்முக்கு மேல் போடுங்கள், அதன் ஓட்டமும் முதுகோடு. மூன்று, அந்தத் தாளுக்குப் பசை பூசி உடனே ஒட்டாமல் ஓரிரு நிமிடம் விட்டு, தாள் விரிந்த பிறகு ஒட்டுங்கள். அட்டைக்கும் உள்தாள்களுக்கும் நடுவில் பிளாஸ்டிக் ஷீட் வைத்து, மேலே கனம் ஏற்றி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். பாதி காய்ந்ததும் எடுத்துப் பார்க்கும் ஆசை வரும். எடுக்க வேண்டாம்.

கட்டியதைப் பிரிக்க வேண்டாம் என்றால் உள்பக்கம் இன்னொரு தாளை இதே மாதிரி ஒட்டிப் பாருங்கள். முழுதாக இல்லாவிட்டாலும் பெரும்பகுதி நேராகும்.

அளவு கேட்பவர்களுக்கும் சேர்த்து: 2 மில்லிமீட்டர் அட்டை, தாளை விட மூன்று பக்கமும் 3 மில்லிமீட்டர் வெளியே. முதுகுப் பட்டைக்கும் அட்டைக்கும் நடுவில் 7 அல்லது 8 மில்லிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளி குறைந்தால் புத்தகம் திறக்கும்போதெல்லாம் முதல் பக்கத்தைப் பிய்த்து இழுக்கும்.

---

வடலி | ஞாயிறு, பிற்பகல் 3.45

நன்றி அண்ணை. அட்டையின் ஓட்டத்தை நான் பார்க்கவே இல்லை, இப்ப வளைத்துப் பார்த்தால் குறுக்கேதான் இருக்கிறது. பசை மைதாவா ஃபெவிகாலா? இங்கே ஈரக்காற்றுக்கு மைதாவில் பூஞ்சணம் பிடிக்குது.

---

காகிதக்கொக்கு | ஞாயிறு, மாலை 5.10

நான் ஃபெவிகால் கட்சி. சீக்கிரம் காயும், பூச்சி வராது, முதுகில் பூசினால் ரப்பர் மாதிரி வளையும். தண்ணீர் கொஞ்சம் கலந்து பிரஷ்ஷால் பூசினால் போதும்.

---

பைண்டர்வீட்டுப்பிள்ளை | ஞாயிறு, இரவு 9.00

புது நோட்டுக்கு, முதுகுக்கு, அது சரி. நானும் அதைத்தான் பூசுகிறேன். ஆனால் ஃபெவிகால் காய்ந்துவிட்டால் தண்ணீரில் திரும்பக் கரையாது. மைதாப் பசையை 50 வருடம் கழித்தும் ஈரத்துணி வைத்து இளக்கிப் பிரிக்கலாம். பழுது பார்க்கும் வாய்ப்பு வேண்டும் என்றால் மாவுப் பசைதான். ஆவணக் காப்பகங்களில் பழுது பார்ப்பவர்களும் கோதுமை ஸ்டார்ச் பசையைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆச்சியின் தாள்கள் மேல் ஃபெவிகால் ஒரு சொட்டும் படக் கூடாது. செல்லோ டேப்பும் கூடாது. டேப்பின் பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும்.

பசை காய்ச்சுவது: இரண்டு ஸ்பூன் மைதாவைப் பத்து ஸ்பூன் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கை விடாமல் கிண்டுங்கள். வெள்ளை மாறிக் கண்ணாடி மாதிரி பளபளப்பு வரும்போது இறக்கி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஆறிய பிறகு பூசுங்கள். இரண்டு நாளைக்கு மேல் வைக்க வேண்டாம். கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் கெடுவது தள்ளிப்போகும்.

பட்டறைகளில் பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவார்கள். வீட்டில் போடாதீர்கள். அது விஷம், பிள்ளைகள் நடமாடும் இடத்தில் கூடவே கூடாது. தாளுக்கும் அது நல்லதில்லை, செம்புச் சத்து காலப்போக்கில் நாரை அரித்துத் தாளை நொறுங்க வைக்கும். ராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து அலமாரியில் போடுங்கள், மாதம் ஒருமுறை புத்தகங்களை எடுத்துத் தட்டி வையுங்கள். வடலி, பூஞ்சணத்துக்கு மருந்து பசையில் இல்லை. முழுக்கக் காய்வதற்கு முன் அலமாரிக்குள் வைத்தால் அது எளிதில் பிடிக்கும்.

---

நாலாம்வகுப்புடீச்சர் | திங்கள், காலை 6.30

மயில்துத்தம் பற்றிச் சொன்னதற்கு ரொம்ப நன்றி. இதைப் பள்ளியில் எல்லோருக்கும் சொல்லப்போகிறேன்.

---

காகிதக்கொக்கு | திங்கள், காலை 10.15

பசையே இல்லாமல் கட்ட விரும்புகிறவர்களுக்குக் காப்டிக் தையலைப் பரிந்துரைக்கிறேன். முதுகு மூடாமல் நூல் சங்கிலி சங்கிலியாக வெளியே தெரியும். புத்தகம் மேஜையில் தட்டையாக விரிந்து கிடக்கும், படம் வரைகிறவர்களுக்கு அதை விட வசதி வேறில்லை. எகிப்தின் பழைய கிறித்தவப் புத்தகங்களிலிருந்து வந்த முறை. ஒவ்வொரு பாரத்தையும் தைத்துவிட்டு, ஊசியைக் கீழ்ப் பாரத்தின் தையலுக்குள் நுழைத்து மேலே வர வேண்டும். இரண்டாவது பாரம்தான் குழப்பும். மூன்றாவதிலிருந்து கை தானாகவே போகும்.

ஆனால் முதல் படியை யாரும் சின்னதாக நினைக்க வேண்டாம். 1945இல் எகிப்தில் நாக் ஹம்மாடி பக்கம் ஒரு ஜாடிக்குள் கிடைத்த தோல் அட்டைப் புத்தகங்கள் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் பெரும்பாலானவை ஒரே பாரம்தான். பாப்பிரஸ் என்ற கோரைவகையில் செய்த தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் மடித்து, மடிப்பில் தைத்து, தோல் உறை போட்டது. அண்ணா சொன்ன ஏ6 நோட்டின் அமைப்பும் அதுவேதான்.

கையால் செய்த தாள் பிடிக்கும் என்றால் புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் இருக்கிறது. பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்கிறார்கள், மார்பிள் தாளும் கிடைக்கும். கையால் வார்த்த தாளில் நார்கள் நாலாபக்கமும் கலந்து கிடப்பதால் ஓட்டம் அவ்வளவாக இருக்காது. எந்தப் பக்கமும் மடிக்கலாம். சென்னைக்குப் போனால் திருவான்மியூரில் தாரா புக்ஸ் பதிப்பகம் வைத்திருக்கும் புக் பில்டிங் என்ற இடத்தையும் பாருங்கள். ஸ்கிரீன் பிரிண்ட் செய்து கையால் தைத்த புத்தகங்களைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். பிரித்து, நடுப்பக்கத் தையலைப் பாருங்கள். வீடியோவில் தெரியாதது நிறையத் தெரியும்.

---

வெள்ளாம்பல் | வியாழன், இரவு 7.20

ஏ6 நோட்டுகள் தைத்துவிட்டேன். எல்லாம் படுத்துக்கொண்டு விரிகின்றன. அதே தாளை வேண்டுமென்றே குறுக்கே மடித்தும் ஒன்று தைத்தேன். அது மூடி வைத்தாலும் வாயைத் திறந்துகொண்டே நிற்கிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிகிறது.

இப்போது கட்டுகள். ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் ஒற்றைத் தாள், மடிப்பே கிடையாது. சில இதழ்களில் கம்பிப் பின்னோடு இரட்டைத் தாளாக வந்திருக்கிறது, பின் துருப்பிடித்துத் தாளைச் சுற்றிலும் காவியாக்கியிருக்கிறது. உள் ஓரத்தில் எழுத்து விளிம்புவரை வருகிறது. தாத்தா பைண்டு போட்டதில் வரியின் முதல் எழுத்துகள் முதுகுக்குள் போய்விட்டன. இதை எப்படிக் கட்டுவது?

---

பைண்டர்வீட்டுப்பிள்ளை | வியாழன், இரவு 10.40

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தொடர்கதைகளைப் பிரித்துப் பைண்டு போட்டு வைப்பது நம் வீடுகளில் பெரிய வழக்கம். 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த பொன்னியின் செல்வனை மணியத்தின் ஓவியங்களோடு அப்படிக் கட்டி வைத்த குடும்பங்கள் எத்தனையோ. பட்டறையில் அவற்றை ஓரத்தில் ஓட்டை போட்டுப் பக்கவாட்டில் தைத்து, முதுகை ஒட்டி, மூன்று பக்கமும் வெட்டிக் கொடுப்பார்கள். சீக்கிரம் முடியும், உறுதியாகவும் நிற்கும். ஆனால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உள் ஓரத்தை அது விழுங்கிவிடும். உங்கள் தாத்தா கட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது. விரித்துப் பிடிக்க அழுத்தும்போது பழைய தாள் தையல் ஓரமாக ஒடியவும் செய்யும்.

முதலில் தாளைச் சோதியுங்கள். எழுத்தில்லாத மூலையை லேசாக ஒரு பக்கம் மடித்து, மறுபக்கம் மடியுங்கள். இரண்டு மூன்று மடிப்பில் மூலை கையோடு வந்துவிட்டால் அந்தத் தாளைத் தைக்கவே கூடாது. மரக்கூழ்த் தாள் அது. மரத்தின் லிக்னின் நீங்காமல் இருப்பதால் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுத்து, அமிலம் ஏறி, நொறுங்கும். எவ்வளவு அழகாகத் தைத்தாலும் பக்கத்தைப் புரட்டும்போது தாள் நூலோரமாக ஒடிந்துவிடும்.

அப்படிப்பட்ட கட்டுக்குப் புத்தகம் வேண்டாம், உறை செய்யுங்கள். 300 ஜிஎஸ்எம் தாளில் இரண்டு நீளப் பட்டை. ஒன்று கட்டின் அகலம், இன்னொன்று கட்டின் உயரம். அளவில் இரண்டு மில்லிமீட்டர் தாராளம் கொடுங்கள். சிலுவைபோல் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டி, கட்டின் கனத்துக்கு மடிப்பு கீறி, நான்கு பக்கமும் மேலே மூடினால் போதும். அமிலம் இல்லாத தாள் கிடைத்தால் அதில் செய்யுங்கள். வெளியே நாடா கட்டலாம். படிக்கும்போது தாள் தாளாக எடுத்துப் படிக்கலாம், ஓர் எழுத்தும் முதுகுக்குள் போகாது.

மூலை ஒடியாமல் தாங்கினால் தைக்கலாம். பின்னை இழுக்காமல், அடியில் மெல்லிய கத்தி முனையை விட்டுக் காலை நிமிர்த்தி மெதுவாக எடுங்கள். ஒற்றைத் தாள்களை இரண்டிரண்டாகச் சேர்த்து மடிதாள் ஆக்க வேண்டும். எட்டுத் தாளுக்கு ஒரு பாரம் என்றால் 1ஆம் தாளோடு 8, 2ஆம் தாளோடு 7, 3ஓடு 6, 4ஓடு 5. இரண்டையும் அருகருகே வைத்து நடுவில் இரண்டு மில்லிமீட்டர் விட்டு, 12 மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய துண்டுத்தாளை மைதாப் பசையால் மேலே ஒட்டுங்கள். ஒவ்வொரு தாளிலும் 5 மில்லிமீட்டர்தான் படும். அதுவும் எழுத்தின் மேல் ஏறினால், அடியில் இருப்பது படிக்கத் தெரிகிற அளவுக்கு மெல்லிய ஜப்பானிய டிஷ்யூ வாங்குங்கள். நார் நீளமாக இருப்பதால் மெல்லியதாக இருந்தும் கிழியாது. இந்தத் துண்டின் ஓட்டமும் நீளவாக்கில் இருக்க வேண்டும். காய்ந்ததும் மடித்து, துண்டுத்தாளின் மடிப்பில் தைப்பீர்கள். ஊசி பழைய தாளைத் தொடவே தொடாது. எழுத்து முழுதாகத் தெரியும்.

துண்டுகளால் முதுகுப் பக்கம் கொஞ்சம் தடிக்கும். அதனால்தான் மெல்லிய தாள் வேண்டும் என்கிறேன். வேலை மெதுவாகத்தான் போகும்.

ஓரங்களைக் கட்டிங் மிஷினில் கொடுத்துச் சமமாக வெட்ட வேண்டாம். மேடு பள்ளமாகவே இருக்கட்டும்.

---

காகிதக்கொக்கு | வெள்ளி, காலை 8.05

கை வைப்பதற்கு முன்னால் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. கதை இல்லாத பக்கம் என்று விட்டுவிட வேண்டாம். ஊக்கு, தலைவலித் தைலம், ரேடியோ விளம்பரங்கள், துணுக்குகள், வாசகர் கடிதங்கள் எல்லாம் அந்தப் பின்பக்கங்களில்தான் இருக்கும். வெயில் படாத ஜன்னல் ஓரம், பிளாஷ் இல்லாமல், மேலிருந்து நேராக. தாள் வரிசை கலைந்துபோனாலும் படத்தைப் பார்த்துச் சேர்க்கலாம். வரிசை எண்ணைப் பேனாவால் எழுதாதீர்கள், மெல்லிய பென்சிலால் மூலையில் போடுங்கள்.

---

வடலி | வெள்ளி, பகல் 1.30

வெள்ளாம்பல், உங்கட தாத்தா கட்டின புத்தகங்களைப் பிரிச்சுத் திரும்பக் கட்டுற எண்ணம் இருக்கா? என்னட்ட கேட்டால் அவற்றை அப்படியே விடச் சொல்லுவேன். எழுத்து மறைஞ்சாலும் அது அவர் செய்த வேலை.

---

வெள்ளாம்பல் | வெள்ளி, இரவு 9.15

விடத்தான் போகிறேன் வடலி. அட்டையில் தாத்தா கையெழுத்தில் கதைப் பெயரும் ஆச்சி பெயரும் இருக்கிறது. மறைந்த எழுத்துகளுக்கு வேறு வழி தேடிக்கொள்கிறேன்.

மூலைச் சோதனை செய்தேன். இரண்டு கட்டு ஒடிகிறது, ஒரு கட்டு தாங்குகிறது. எனவே இரண்டுக்கு உறை, ஒன்றுக்குத் தையல். படம் எடுக்கத் தொடங்கிவிட்டேன். கடைசியாக ஒரு கேள்வி: 300 ஜிஎஸ்எம் தாளும் 2 மில்லிமீட்டர் அட்டையும் இங்கே ஸ்டேஷனரி கடைகளில் சிறிய அளவில்தான் இருக்கிறது. பெரிய ஷீட் எங்கே கேட்பது?

---

பைண்டர்வீட்டுப்பிள்ளை | சனி, காலை 7.10

ஸ்டேஷனரி கடையில் கேட்காதீர்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஆஃப்செட் பிரஸ்ஸுக்குப் போங்கள், உங்கள் ஊரில் நிச்சயம் இருக்கும். பெரிய ஷீட்டை வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளைப் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள், கேட்டால் எடைக்குத் தருவார்கள். உறைக்கு வேண்டிய நீளப் பட்டை அதிலேயே தேறும். அட்டைக்குப் பைண்டிங் பட்டறையில் கேளுங்கள், முழு ஷீட்டாக வாங்கி அங்கேயே கட்டிங் மிஷினில் வெட்டித் தரச் சொல்லலாம். ஓட்டம் எந்தப் பக்கம் என்று வெட்டுவதற்கு முன்னால் நீங்களே வளைத்துப் பார்த்து அம்புக்குறி போட்டுவிடுங்கள். சென்னைக்கு யாராவது போனால் பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு முழுக்கத் தாள் கடைகள்தான்.

மூன்று கட்டின் நீளம், அகலம், கனம் மூன்றையும் மில்லிமீட்டரில் இங்கே எழுதுங்கள். உறைக்கு எந்த அளவில் பட்டை வெட்ட வேண்டும், மடிப்பு எங்கெங்கே கீற வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.